நெல் வயலில் சமூகவியல்: மாணவர்களை ஊருக்கு அழைத்துப் போவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

சமூகவியல் துறைகளில் களப்பயணம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. காலையில் கல்லூரி வாசலில் பஸ். பத்து மணிக்கு ஓர் இயற்கை விவசாயப் பண்ணை. பண்ணைக்காரர் மரத்தடியில் உட்கார்ந்து பஞ்சகவ்யம், பாரம்பரிய நெல், மண்புழு உரம் என்று ஒன்றரை மணி நேரம் பேசுவார். மதியம் வாழையிலைச் சாப்பாடு, குரூப் போட்டோ, திரும்பும் வழியில் ஒரு கோயில். அடுத்த வாரம் வரும் அறிக்கைகளில் எல்லாரும் ஒரே மூன்று பக்கங்களை எழுதியிருப்பார்கள். அந்த மரத்தடிக்கு நூறடி தள்ளிக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். பண்ணைக்காரர் நல்லவர், விஷயம் தெரிந்தவர், அதெல்லாம் சரி. ஆனால் சமூகவியல் மாணவர் பார்த்திருக்க வேண்டியது அந்த நூறடி இடைவெளியைத்தான்.

காவிரி டெல்டாவின் நெல் ஊர் ஒன்றை மனத்தில் வைத்து, மூன்று நாள் பயணத்துக்காக இதை எழுதுகிறேன். தேயிலைத் தோட்டம், மலைக் கிராமம், மானாவாரி ஊர் எதற்கும் இதே முறை பொருந்தும். சொற்களும் பருவமும் மாறும். டெல்டாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஊராய்வுகள் அதிகம் நடந்த பகுதிகளில் ஒன்று இது. முன்னால் போனவர்கள் என்ன பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதை ஒப்பிட்டுக் கற்க முடியும்.

முதலில் கேள்வி

ஊரை முடிவு செய்வதற்கு முன் கேள்வியை முடிவு செய்யுங்கள். "கிராம வாழ்க்கையை அறிதல்" என்பது கேள்வி ஆகாது. அப்படிப் போனால் கோயில், குளம், ரேஷன் கடை என்று எல்லாவற்றையும் பார்த்து, எதையும் பார்க்காமல் திரும்புவார்கள்.

நல்ல கேள்வி ஒரு பொருளையோ ஒரு வேலையையோ பிடித்துக்கொள்ளும். ஓர் ஏக்கர் நெல்லில் விதைப்பு முதல் விற்பனை வரை யார் யாருடைய கை படுகிறது? அறுப்பு மிஷின் வந்த பிறகு கதிர் அறுத்த பெண்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள்? குத்தகை பேசும்போது என்ன எழுதப்படுகிறது, என்ன வாயோடு போகிறது? நூறு நாள் வேலை வந்ததில் வயல் கூலி மாறியதா? இவற்றில் ஒன்று போதும். முதல் முறை போகிறவர்களுக்கு ஏக்கர் கேள்வியைத்தான் சொல்வேன். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நிலவுடைமை, சாதி, பெண் உழைப்பு, கடன், சந்தை, அரசு எல்லாம் தானாக வழியில் வந்து நிற்கும்.

எந்த ஊர், எந்த மாதம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரம் என்ற பாடத்துக்கு முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் ஒரு காரியம் செய்தார். கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துத் தம் மாணவர்களிடம் கொடுத்து, அவர்களுக்குத் தெரிந்த ஊர்களையே ஆராயச் சொன்னார். 1918-இல் அந்த ஆய்வுகள் அச்சாயின. இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள இருவேல்பட்டு அப்படி ஆராயப்பட்ட ஊர்களில் ஒன்று. 1936-37-லும், 1980-களின் தொடக்கத்திலும், 2008-லும் வேறு வேறு ஆய்வாளர்கள் அங்கே திரும்பப் போயிருக்கிறார்கள். பெரிய நிலக்கிழாரை நம்பிக் கூலிக்குடும்பங்கள் பிழைத்த ஓர் ஊரில், அந்தப் பிடி தளர்ந்து வெளிவேலையும் வெளியூர் வருமானமும் பெருகிய கதையைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பார்க்க முடிகிறது. தொடங்கிவைத்தது ஒரு வகுப்பறைப் பயிற்சி என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் எழுதப்போவதும் வெறும் அசைன்மெண்ட் இல்லை என்று அப்போதுதான் படும்.

ஸ்லேட்டர் செய்ததுபோல மாணவர் ஒருவரின் சொந்த ஊருக்குப் போவது சுலபம். நுழைவதற்குச் சிரமம் இல்லை, தங்க இடம் கிடைக்கும், பாதுகாப்பு பற்றிக் கவலை குறைவு. அதிலேயே சிக்கலும் இருக்கிறது. அந்த மாணவரின் குடும்பம் எந்தத் தெருவோ அந்தத் தெருவின் விருந்தாளிகளாகத்தான் ஊர் உங்களைப் பார்க்கும். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி அதுதான்.

மாதம் விஷயத்துக்கு வருவோம். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் இருந்தால் குறுவை ஜூன், ஜூலையில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். சம்பாவும் தாளடியும் ஜனவரி முதல் மார்ச் வரை அறுப்பாகும். தை, மாசி அறுவடைக் காலம்தான் என் தேர்வு. மிஷின், லாரி, களம், நெல் கொள்முதல் நிலையம், தரகர், கூலிப் பட்டுவாடா எல்லாம் ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும். நடவைப் பார்க்க வேண்டுமென்றால் புரட்டாசி. ஆனால் ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டால் பயணம் கெட்டுவிடும். கோடையில் வயல் காலியாகக் கிடக்கும், பேச ஆட்களுக்கு நேரம் இருக்கும். வயலைவிடக் குடும்ப வரலாறும் கடனும்தான் உங்கள் கேள்வி என்றால் கோடையே நல்லது.

போவதற்கு முன் காகிதம்

ஊர்வாரி மக்கள்தொகைக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2011-ஆம் ஆண்டினுடையது, பழையதுதான். ஆனாலும் எத்தனை வீடுகள், பட்டியல் சாதியினர் எவ்வளவு, சாகுபடியாளர் எத்தனை பேர், விவசாயக் கூலிகள் எத்தனை பேர் என்று ஒரு முதல் சித்திரம் கிடைக்கும். அதில் ஆண்டுக்கு ஆறு மாதத்துக்குமேல் வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைவாகச் செய்தவர் குறுந்தொழிலாளர். மாடு மேய்ப்பது, நெல் அவித்துக் காயவைப்பது எல்லாவற்றையும் வீட்டுவேலை என்று தள்ளிவிட்டுப் பெண்களை "வேலை செய்யாதவர்" பத்தியில் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஊருக்குப் போனதும் இந்த எண்ணைச் சோதிக்கலாம்.

அடுத்து நில ஆவணங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு மாணவரும் பஸ் ஏறக் கூடாது. பட்டா நிலம் யார் பெயரில் என்று சொல்லும். சிட்டா அவர் பெயரில் அந்த ஊரில் எவ்வளவு நிலம், நன்செயா புன்செயா என்று சொல்லும். அடங்கல் அந்தப் பசலியில், அதாவது வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டில், எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று சொல்லும். கிராம நிர்வாக அலுவலர் எழுதுவது. பசலி ஜூலை 1-இல் தொடங்கும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1434 என்றால் 2024 ஜூலையில் தொடங்கியது.

இந்தக் காகிதத்தில் எது இருக்காது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். டெல்டாவில் குத்தகையில் பெரும்பகுதி வாய்வார்த்தைதான். குத்தகைதாரர் உரிமைகளைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவானால் நிலத்தை விட்டு எழுப்புவது கஷ்டம் என்று நிலக்காரர் தயங்குவார். கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரர் வாயைத் திறக்க மாட்டார். அதன் மேல் கோயில் நிலம், மடத்து நிலம் என்று டெல்டாவில் தனி உலகமே இருக்கிறது. கோயில் பெயரில் பட்டா, ஒருவர் பெயரில் குத்தகை, உழுவது மூன்றாமவர் என்று அடுக்கடுக்காகப் போவதுண்டு.

வரலாற்றில் குறைந்தது இவ்வளவு தெரிந்திருக்க வேண்டும். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விளைச்சலைப் பங்கு பிரித்துக்கொள்ளும் பேச்சில் உழுத வாரக்காரருக்கு 40 சதவீதம் என்றது அது. 1956-இல் நியாய வாரச் சட்டம் நன்செயில் நிலக்காரர் பங்கே 40 சதவீதம் என்று மாற்றியது. 1961-இல் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று நில உச்சவரம்பு வந்தது. 1970-இல் அது 15 ஆனது. நடுவில், 1968 டிசம்பர் 25 இரவு நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வெண்மணியில் தலித் கூலிக்குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வும் சங்கமும் அதன் பின்னணி. கிழக்கு டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் வயதானவர்கள் மனத்தில் அந்த ஆண்டு இருக்கும். நீங்களாக அதைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர்களாகப் பேசினால் புரியும் அளவுக்குத் தெரிந்துகொண்டு போங்கள்.

எந்தத் தெருவில் இறங்குகிறீர்கள்

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சை மாவட்டத்தின் ஓர் ஊரில் தங்கி ஆய்வு செய்தார். ஸ்ரீபுரம் என்று அதற்குப் பெயர் வைத்தார். அக்கிரகாரத்தில் இடம் கிடைத்தது. வெளியாள் ஒருவருக்கு அது பெரிய சலுகை. பிராமணர்களோடு தங்கியவர் என்று ஊர் அவரைப் பார்த்ததால், சேரிக்குள் அதே சுதந்திரத்தோடு போய்வர முடியவில்லை. அவரே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1948-இல் மைசூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் இன்னொரு சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸ் ஊர்த் தலைவருக்குச் சொந்தமான, மாடுகள் கட்டியிருந்த வீட்டில் தங்கினார். மேல்சாதிக் கண்ணோடுதான் அந்த ஊரைப் பார்க்க நேர்ந்தது என்று பின்னால் அவரும் ஒப்புக்கொண்டார்.

ஓராண்டு தங்கியவர்களுக்கே இந்த நிலை. மூன்று நாள் போகிற உங்களுக்கு முதல் காபி எங்கே குடிக்கிறீர்கள் என்பதிலேயே பாதி ஆய்வு முடிவாகிவிடும். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் பஸ் நின்று, அவர் கூடவே நடந்து தெருத்தெருவாகக் காட்டினால், காலனியில் யாரும் கூலியைப் பற்றி உண்மை பேசப்போவதில்லை. அங்கே நின்றுகொண்டிருப்பவர் நாளைக்கு அவர்களுக்கு வேலை கொடுப்பவராக இருக்கலாம்.

அதனால் சில ஏற்பாடுகள். ஆசிரியர் ஒரு மாதம் முன்பே தனியாகப் போய்வர வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பார்த்து அனுமதி கேளுங்கள். கேட்காமல் நுழைவது சரியல்ல. அதே நாளில் காலனியிலும் ஒருவரைப் பாருங்கள். மகளிர் குழுத் தலைவி, அங்கன்வாடிப் பணியாளர், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், யாராக இருந்தாலும் சரி. "நாங்க இன்ன தேதியில வர்றோம், உங்க தெருவுலயும் உட்கார்ந்து பேசணும், உங்களுக்குச் சம்மதமா?" என்று அவர்களிடமும் தனியாகக் கேட்க வேண்டும். ஊரில் ஏதாவது தகராறு புகைந்துகொண்டிருந்தால், திருவிழா வழக்கோ சுடுகாட்டுப் பாதை வழக்கோ, பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

பஸ் நிற்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம் அல்லது பொது இடம். இறங்கியதும் பாதிப் பேர் ஊர்த்தெருவுக்கும் பாதிப் பேர் காலனிக்கும் ஒரே நேரத்தில் போகட்டும். இரண்டாம் நாள் மாறிக்கொள்ளட்டும். தங்குமிடம் பள்ளி, சமுதாயக் கூடம், பக்கத்துச் சிறு நகரத்து லாட்ஜ் என்று யாருடைய வீடாகவும் இல்லாமல் இருப்பது நல்லது. சமையலை மகளிர் குழுவிடம் கூலி கொடுத்து ஒப்படையுங்கள். யார் சமைக்கிறார்கள், அதை யார் சாப்பிட மறுக்கிறார்கள் என்பதும் ஒரு பாடம். மறுப்பவர் உங்கள் மாணவராகவும் இருக்கலாம். அந்தப் பேச்சை ஊரில் வைத்து நடத்தாதீர்கள், வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களின் சாதியையும் ஊர் கேட்கும். நேராகக் கேட்காது. "எந்த ஊரு தம்பி?", "யாரு வீடு?", "அப்பா என்ன பண்றாரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்கும். இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். சொல்ல விருப்பமில்லாதவர் சொல்ல வேண்டியதில்லை. தலித் மாணவர்களைக் காலனிக்கும் மற்றவர்களை ஊர்த்தெருவுக்கும் அனுப்பினால் வேலை சுலபமாக நடக்கும் என்று தோன்றலாம். அப்படிச் செய்யவே கூடாது. ஊரைப் பிரிக்கும் அதே கோட்டை நீங்களே வகுப்பறைக்குள் கிழித்ததாகிவிடும்.

மாணவிகளுக்குக் கழிப்பறை எங்கே என்று முன்பயணத்திலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இதைக் கடைசி நிமிடத்துக்கு விடுவதால்தான் பல பயணங்களில் பெண்கள் மதியத்துக்குமேல் தண்ணீரே குடிக்காமல் சுற்றுகிறார்கள்.

சொல்லும் கேள்வியும்

இரண்டு இரண்டு பேராகப் போவது நல்லது. ஒருவர் பேச, ஒருவர் கவனித்துக் குறிப்பெடுக்கலாம். நான்கு பேர் சூழ்ந்துகொண்டால் அது விசாரணை போல ஆகிவிடும்.

நகரத்தில் வளர்ந்த மாணவர்களுக்கு அளவுகள் தெரியாது. டெல்டாவில் நிலத்தை மா கணக்கில்தான் சொல்வார்கள். நூறு குழி ஒரு மா. ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 1952 சட்டம் ஓர் ஊரில் ஒரு வேலிக்குமேல் வைத்திருந்தவர்களைக் குறிவைத்தே வந்தது என்று தெரிந்தால் இந்த அளவு மறக்காது. நெல்லில் மரக்கால், கலம், மூட்டை. கொள்முதல் நிலையத்தில் சிப்பம், ஒன்று 40 கிலோ. நாற்றங்கால், பறி, நடவு, களை, கதிரறுப்பு, கட்டுத் தூக்குதல், போரடி என்று வேலைகளின் பெயர்கள். குத்தகை, வாரம், ஒத்தி, போக்கியம் என்று நில உறவுகளின் பெயர்கள். ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

பேச்சை "உங்களுக்கு எவ்வளவு நிலம்?" என்றோ "நீங்க என்ன ஆளுங்க?" என்றோ ஆரம்பிக்காதீர்கள். முதல் கேள்வி வரிவசூல் மாதிரி, இரண்டாவது அதைவிட மோசம். "போன போகத்துல என்ன போட்டீங்க?", "தண்ணி கடைசி வரைக்கும் வந்துதா?" என்று கேளுங்கள். கூலி வேலை செய்பவரிடம் "நேத்து எந்தப் பக்கம் வேலை?" என்று கேட்டால் போதும். நேற்றிலிருந்து போன வாரம், போன வாரத்திலிருந்து போன வருஷம் என்று பேச்சு தானாகப் பின்னால் போகும். பெரியவர் யாராக இருந்தாலும், எந்தத் தெருவாக இருந்தாலும், ஐயா, அம்மா, வாங்க, போங்க. ஊரில் யார் யாரை "வா, போ" என்கிறார்கள் என்பதைக் காதில் மட்டும் வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்காரரை இருபது வயதுப் பையன் ஒருமையில் கூப்பிட்டால் அதற்கு விளக்கம் கேட்கத் தேவையில்லை.

முதல் வாக்கியத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்: "நாங்க காலேஜ் பிள்ளைங்க, படிக்க வந்திருக்கோம். அரசாங்கத்துலேர்ந்து வரல, எங்களால லோனோ வீடோ வாங்கித் தர முடியாது." நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும் ஏதோ திட்டம் வருகிறது என்று ஜனங்கள் நினைப்பது நியாயம்தான். அந்த நினைப்பில் அவர்கள் சொல்லும் வருமானக் கணக்கு எதற்கும் உதவாது. செல்போனில் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுத்தான், போட்டோவும் அப்படியே.

முதல் நாள்: நடை

முதல் நாளில் கேள்வித்தாளே வேண்டாம். வாய்க்கால் தலைப்பில் தொடங்கிக் கடைமடை வரை வரப்பு வழியாக நடங்கள். தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் பாய்கிறது, கடைசியில் யார் வயலுக்கு? வடிகால் எங்கே அடைத்திருக்கிறது? மழைத் தண்ணீர் தேங்குவது எந்தத் தெருவில்? போர்வெல் எத்தனை, அது யாருடையது, போர்த் தண்ணீரைக் கடனாக வாங்குவோர் எதைத் திருப்பித் தருகிறார்கள்?

மாலையில் ஊர் வரைபடம். மாணவர்கள் வரைய வேண்டாம். ஊர்க்காரர்களை வரையச் சொல்லுங்கள். தரையில் கோலமாவாலோ சாக்குக் கட்டியாலோ அவர்களே போடட்டும். ஊர்த்தெருவில் ஒரு வரைபடம், காலனியில் ஒன்று, பெண்கள் மட்டும் போடும் இன்னொன்று. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர்த்தெருப் படத்தில் கோயில் நடுவில் பெரிதாக இருக்கும். காலனி ஓரத்தில் ஒரு பெட்டியாக இருக்கலாம், சில சமயம் இல்லாமலே போகலாம். பெண்கள் படத்தில் தண்ணீர்க் குழாயும் ரேஷன் கடையும் பஸ் நிறுத்தமும் இருக்கும். மூன்றிலும் ஒரு கோட்டைத் தேடச் சொல்லுங்கள்: சுடுகாட்டுக்குப் போகும் வழி. எத்தனை சுடுகாடு, பிணம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், எதன் வழியாகப் போகக் கூடாது, மழைக்காலத்தில் வயலுக்குள் இறங்கித் தூக்கிப் போகிறார்களா? பாடப்புத்தகத்தில் தீண்டாமை பற்றிப் படித்த எல்லாமும் அந்த ஒரு கோட்டில் இருக்கும்.

இரண்டாம் நாள்: ஓர் ஏக்கரின் கணக்கு

நோட்டில் ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். மேலிருந்து கீழாக: உழவு, விதை, நாற்றங்கால், நடவு அல்லது நேரடி விதைப்பு, உரம், களை, மருந்து, அறுப்பு, ஏற்றுதல், விற்பனை. இடமிருந்து வலமாக: யார் செய்தது, ஆணா பெண்ணா, எந்தத் தெரு அல்லது எந்த ஊர், கூலி பணமா நெல்லா, ரேட்டை முடிவு செய்தது யார், காசு எப்போது கைக்கு வந்தது. ஒரே ஏக்கரைப் பற்றி நிலக்காரரிடமும் குத்தகைக்காரரிடமும் அங்கே வேலை செய்தவரிடமும் தனித்தனியாகக் கேட்டு நிரப்ப வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாது. எங்கே ஒத்துப்போகவில்லை என்பதுதான் அறிக்கையின் அடிப்படை.

இந்த அட்டவணை சும்மா செலவுக் கணக்கு போலத் தெரியும். நிரம்ப நிரம்ப விஷயம் வெளியே வரும். அறுப்பு மிஷின் வெளிமாவட்டத்திலிருந்து தரகர் மூலம் வந்திருக்கும். மணிக்கணக்கு வாடகை அந்த வாரத்து மழை பயத்தைப் பொறுத்து ஏறும். சேற்று வயலுக்குச் செயின் மிஷின், காய்ந்த வயலுக்கு டயர் மிஷின், இரண்டுக்கும் வாடகை வேறு. முன்பு அறுத்தவர்களுக்கு நெல்லாகக் கிடைத்த கூலி வீட்டுக்குச் சாப்பாட்டு அரிசியாக இருந்தது. இப்போது அதன் இடத்தில் ரேஷன் அரிசி இருக்கிறது. இந்த மாற்றம் நிலக்காரரோடு இருந்த உறவை எப்படி மாற்றியது என்று காலனியில் கேளுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத பதில்கள் வரும். மிஷின் வந்தது கஷ்டம் என்பவர்களும் உண்டு, "இனிமே யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டியதில்ல" என்பவர்களும் உண்டு. இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நடவு பெண்களின் வேலை என்று புத்தகத்தில் படித்துவிட்டுப் போகிறவர்கள், மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆண்கள் கூட்டமாக, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி நடுவதை டெல்டாவில் இப்போது பார்க்கலாம். உள்ளூர்ப் பெண்களின் நாள்கூலி, ஒப்பந்தக் குழுவின் ரேட், ஆண் நட்டால் அந்த வேலையின் மதிப்பு மாறுகிறதா என்று ஒரு வகுப்புப் பாடம் முழுவதும் அந்த ஒரு வயலில் கிடைக்கும்.

கொள்முதல் நிலையத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் செலவிடுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்த ஆண்டில் தளர்வு கேட்டுக் கோரிக்கை போகும். நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிக் காத்துக்கிடப்பவர் யார், வந்தவுடன் எடை போட்டுவிட்டுப் போகிறவர் யார் என்று பாருங்கள். விற்கச் சிட்டா, அடங்கல் வேண்டும். வாய்வார்த்தைக் குத்தகைக்காரரிடம் அவர் பெயரில் இது இருக்காது. நிலக்காரர் காகிதத்தை வாங்கி அவர் பெயரில் விற்பாரா, பணம் யார் வங்கிக் கணக்குக்குப் போகும், இல்லை தனியார் வியாபாரியிடமே குறைந்த விலைக்குப் போட்டுவிடுவாரா? பயணத்துக்கு முன் வகுப்பில் வைத்துப் படித்த அந்தக் காகிதம் இங்கே பணமாக மாறுவதையும் மாற முடியாமல் நிற்பதையும் பார்க்கலாம்.

மாணவர்கள் வயலில் இறங்கி வேலை செய்யலாமா? செய்யட்டும், ஒரு மணி நேரம் போதும். ஆனால் ஏக்கர் ஒப்பந்தத்தில் வேலை நடக்கும் வயலில் வேண்டாம். அங்கே உங்களால் போகும் நேரம் அவர்களுடைய காசு. சம்மதிக்கும் ஒருவரின் சிறு வயலில், நட்டது கோணலாகப் போனால் மறுபடி நடும் கூலியைத் தருவதாகப் பேசிக்கொண்டு இறங்குங்கள். மருந்தடித்த வயலில் இறங்கவே கூடாது. அந்த ஒரு மணி நேரத்தின் பயன் இடுப்பு வலி கொடுக்கும் அனுதாபம் அல்ல. அனுதாபம் பஸ் ஏறியதும் போய்விடும். கேள்விகள் மாறும், அதற்காகத்தான் இறங்குவது. அதுவரை "ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி?" என்று கேட்ட மாணவி, வரப்பேறியதும் "காலையில எத்தனை மணிக்கு எழுந்து சமைச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்பாள்.

வேலை நேரத்தில் கூலிக்காரரை நிறுத்திப் பேட்டி எடுக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள். காசு கொடுத்தால் தகவல் கெட்டுவிடும் என்பவர்கள் உண்டு. அரை நாள் கூலியை இழக்கவைத்து வாங்கும் தகவல் மட்டும் சுத்தமாக இருக்குமா என்ன?

இரவு: குறிப்பு

அன்றைய குறிப்பை அன்றே எழுத வேண்டும், தூங்குவதற்கு முன். மூன்று பகுதியாக: கண்டது, கேட்டது, எனக்குத் தோன்றியது. "அவர் வருத்தமாக இருந்தார்" என்பது முதல் பகுதியில் வரக் கூடாது. "கேட்டதும் பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டார்" என்பது வரலாம். ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே பேச்சுத்தமிழில் எழுதுங்கள், உரைநடையாகத் திருத்தாதீர்கள்.

நகல் எடுத்து வையுங்கள். 1970-இல் ஸ்டான்போர்டில் ஸ்ரீனிவாஸ் வேலை செய்த ஆய்வு மையத்தில் தீவைப்பு நடந்தது. பல ஆண்டுகள் உழைத்து ஒழுங்குபடுத்தியிருந்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் அங்கேயே இருந்தன; மூன்றும் போயின. நினைவிலிருந்தே அவர் ஊரைத் திரும்ப எழுதினார். அது வேறு வகையில் அருமையான எழுத்தாக அமைந்தது என்பது உண்மை. உங்கள் மாணவர்களுக்கு அந்த நினைவாற்றல் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பக்கங்களைப் போட்டோ எடுத்து அன்றிரவே வேறோர் இடத்தில் சேமிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள்: ஊரை விட்டுப் போகும் பாதை

மூன்றாம் நாள் காலையில் வயலுக்குப் போக வேண்டாம். ஊரின் முதல் பஸ்ஸில் யார் ஏறுகிறார்கள் என்று பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். துணிக்கடை வேலைக்குப் போகும் பெண்கள், கட்டட வேலைக்குப் போகும் ஆண்கள், ஐ.டி.ஐ. பையன்கள். வீடுகளில் பேசும்போது திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா என்று பெயர்கள் வரும். எந்தத் தெருவிலிருந்து எங்கே போகிறார்கள், அனுப்பும் பணம் நிலமாகிறதா, மாடி வீடாகிறதா, படிப்பாகிறதா என்று கேட்டுக் குறியுங்கள். மகளிர் குழுக் கடனும் வாரத் தவணைக் கடனும் இந்த இடத்தில்தான் பேச்சில் வரும். கட்டாயப்படுத்திக் கேட்காதீர்கள், கடன் கணக்கு மானம் சம்பந்தப்பட்டது.

நேரமிருந்தால் திரும்பும் வழியில் உழவர் சந்தையோ அரிசி ஆலையோ பார்க்கலாம். இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

எழுதுவதும் திருப்பித் தருவதும்

ஊர்ப்பெயரை மாற்றுங்கள். ஸ்ரீபுரம் உண்மையான பெயர் இல்லை. மானிடவியலாளர் கேத்லீன் கோ 1950-களின் தொடக்கத்தில் தஞ்சையில் ஆராய்ந்த கும்பபேட்டையும் அப்படியே. ஆட்களின் பெயரும் மாற வேண்டும். சிறிய ஊரில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. "டிராக்டர் வைத்திருக்கும் ஒரே விதவை" என்று எழுதினால் ஊரே கண்டுபிடித்துவிடும். அத்தகைய அடையாளங்களையும் கலைக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் ஒன்று ஆசிரியரிடம் தனியாக இருக்கட்டும்.

மதிப்பெண்ணில் பாதியையாவது நாட்குறிப்புக்கும் ஏக்கர் அட்டவணைக்கும் கொடுங்கள். இறுதி அறிக்கைக்கே முழு மதிப்பெண் என்றால், ஊருக்குப் போகாதவரும் நன்றாக எழுதிவிடுவார்.

இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்று ஊருக்குப் போக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். பஞ்சாயத்து சம்மதித்தால் அங்கே வாசிக்கலாம். வாய்க்கால் வரைபடம், வடிகால் அடைப்பு, ரேஷன் கடை தூரம், கொள்முதல் நிலையத்தில் காத்திருப்பு போன்றவை அதில் இருக்கலாம். யார் யாரிடம் கடன் வாங்கினார், யார் நிலத்தை யார் வாய்வார்த்தையில் உழுகிறார் என்பது எந்த வடிவத்திலும் போகக் கூடாது. காலனியில் கேட்டது ஊர்த்தெருவுக்கும், ஊர்த்தெருவில் கேட்டது காலனிக்கும் உங்கள் வழியாகப் போய்ச் சேரவே கூடாது. மூன்று நாளில் நீங்கள் போய்விடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

நிரப்பிய அட்டவணைகள், தரை வரைபடங்களின் போட்டோக்கள், நாட்குறிப்பு நகல்கள் எல்லாவற்றையும் ஆண்டு குறித்துத் துறை அலமாரியில் பூட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் வேறு ஊர் தேடட்டும். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு குழு இதே ஊருக்கு, இதே அட்டவணையோடு, முடிந்தால் அதே ஏக்கருக்குப் போகட்டும். நிலக்காரர் மாறியிருக்கலாம், வயல் மனையாகியிருக்கலாம். அப்போதும் அட்டவணையின் பத்திகளை மாற்றாமல் நிரப்பச் சொல்லுங்கள்.